பம்ப் போட்டால் போர்டு அணைகிறது: ட்ரோனில் கோளாறு எங்கே?

கேள்வி: "எங்கள் மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு மானியத்தில் கிடைத்த ட்ரோனை வைத்து, சுற்றுவட்டாரத்தில் ஏக்கர் கணக்கில் மருந்து அடித்துக் கொடுக்கிறோம். நான் பைலட், என் வீட்டுக்காரர் உதவியாளர். கோடையில் கொட்டகையில் வைத்திருந்தபோது பம்புக்குப் போகும் வயரை எலி கடித்துவிட்டது. பக்கத்து டவுனில் ஒரு செல்போன் ரிப்பேர் கடையில் ஒட்டு போட்டு வாங்கினோம். அதன்பிறகு பம்ப் ஸ்விட்சைப் போட்டால் சில சமயம் மெயின் போர்டின் விளக்கு அணைந்து, மறுபடி எரிகிறது. முதலில் கேட்கும் அந்த 'டிங் டிங்' சத்தமும் வருகிறது. பம்ப் போடாமல் பறக்கவிட்டால் ஒரு குறையும் இல்லை. போன வாரம் பயிருக்கு மேல் ஆளுயரத்தில் நிற்கும்போது அப்படியே கீழே விழுந்தது. சேறாக இருந்ததால் இரண்டு இறக்கைதான் உடைந்தது. கடைக்காரர் 'போர்டு போய்விட்டது, புதிதாக மாற்ற வேண்டும்' என்கிறார். குறுவைக்கு நிறையப் பேர் சொல்லி வைத்திருக்கிறார்கள். கடன் தவணையும் இருக்கிறது. அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறதே, அதுவரை இப்படியே ஓட்டலாமா? போர்டு மாற்றத்தான் வேண்டுமா?"

வாசகி, திருவாரூர் மாவட்டம்.

பதில்: முதல் கேள்விக்கு முதலில் பதில். ஓட்டக் கூடாது. ஒரு நடை கூட வேண்டாம்.

பேட்டரி குறைந்தாலோ, ரிமோட் சிக்னல் அறுந்தாலோ ட்ரோன் தானாகத் திரும்பி வந்து இறங்கும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அது உண்மை. ஆனால் அந்த முடிவை எடுப்பது பிளைட் கன்ட்ரோலர் என்கிற அந்த மெயின் போர்டுதான். போர்டே அரை நொடி அணைந்துவிட்டால் முடிவெடுக்க ஆள் இல்லை. மோட்டார்களுக்குப் போகும் கட்டளை நின்று, ட்ரோன் கல் மாதிரி விழும். பத்து லிட்டர் டேங்க் நிரம்பிய ட்ரோன் 25 கிலோவுக்குப் பக்கத்தில் இருக்கும். போன வாரம் கீழே சேறு இருந்தது. அடுத்த முறை வரப்பில் களை எடுக்கிறவர்கள் இருக்கலாம்.

இனி போர்டு விஷயம். கடிதத்தில் வாசகி எழுதியிருக்கும் இரண்டு வரிகளே பாதிப் பதிலைச் சொல்கின்றன. பம்ப் போடாவிட்டால் குறையில்லை. எலி கடித்த வயரை ஒட்டிய பிறகுதான் தொல்லை ஆரம்பித்தது. கெட்டுப்போன போர்டுக்குப் பம்ப் ஓடுகிறதா இல்லையா என்று பார்த்து அணையத் தெரியாது. பம்ப் கிளம்பும் நொடியில் போர்டுக்கு வரும் மின்சாரம் குறைகிறது என்பதுதான் இதற்குப் பொருள். அதனால் போர்டை மாற்றுவதற்கு முன், போர்டுக்கு மின்சாரம் வரும் வழியைப் பாருங்கள்.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். அணையில் தண்ணீர் நிறைய இருக்கும், ஆற்றிலும் ஓடும், ஆனால் கடைமடைக்கு வந்து சேராது. நடுவில் வாய்க்கால் தூர்ந்திருக்கும், அல்லது மேலே யாராவது எஞ்சின் வைத்து இறைப்பார்கள். ட்ரோனில் பேட்டரிதான் அணை. இந்த வகை ட்ரோன்களில் பலவற்றில் ஆறு செல் பேட்டரிகள் இரண்டைத் தொடராக மாட்டியிருப்பார்கள். முழு சார்ஜில் 50.4 வோல்ட் இருக்கும். இவ்வளவும் போர்டுக்குப் போனால் கருகிவிடும். அதனால் நடுவில் பவர் மாட்யூல் என்ற சிறிய பெட்டி மதகு மாதிரி இருந்து, அதை 5 வோல்ட்டாகக் குறைத்து விடுகிறது. போர்டு கடைமடை வயல். 5 வோல்ட்டை ஒட்டி இருந்தால்தான் அது நிம்மதியாக வேலை செய்யும். நான்கரைக்கும் கீழே சரிந்தால் தடுமாறத் தொடங்கும். இன்னும் கீழே போனால் அணைந்து எழும். இங்கே அரை வோல்ட் என்பது பெரிய விஷயம். ரிமோட் திரையில் பேட்டரி 48 வோல்ட் என்று காட்டுவதைப் பார்த்து 'கரண்ட் சரியாகத்தானே இருக்கிறது' என்று ஏமாந்துபோவதும் இங்கேதான். அணையின் அளவு அது, கடைமடையின் அளவு அல்ல.

எலி கடித்த ஒட்டுக்கு வருவோம். ட்ரோனில் கறுப்பு வயர் என்றால் பொதுவாக நெகட்டிவ். எல்லாக் கறுப்பும் கடைசியில் பேட்டரியில் போய்ச் சேர்கிறது. அதனால் 'எந்தக் கறுப்பில் சேர்த்தால் என்ன' என்று நினைத்து, கைக்கு எட்டிய கறுப்பில் ஒட்டிவிடும் பழக்கம் கடைகளில் உண்டு. செல்போன் பார்க்கிறவருக்கு அது பெரிய தவறாகவும் தெரியாது. பம்பின் கறுப்பு வயர் தடித்த வயரில் நேராகப் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். அதை போர்டுக்குப் போகும் மெல்லிய கறுப்பு வயரில் சேர்த்துவிட்டால், பம்ப் எடுக்கும் மின்சாரம் முழுவதும் அந்த மெல்லிய வயர் வழியாகத்தான் திரும்ப வேண்டும். பம்ப் மோட்டார் ஓடும்போது எடுப்பதைப் போல் சில மடங்கைக் கிளம்பும் நொடியில் எடுக்கும். தோட்டத்து மோட்டார் போட்டதும் வீட்டு பல்பு ஒரு கணம் மங்குகிறதே, அதே கதைதான். மெல்லிய வயரிலும் சின்ன முள் கனெக்டரிலும் சேர்த்து 0.1 ஓம் தடை இருந்தால் போதும். 10 ஆம்பியர் பாயும் அந்த நொடியில் 1 வோல்ட் அங்கேயே போய்விடும். ஐந்து நான்காகிவிட்டால் போர்டு அணையாமல் என்ன செய்யும்?

இதுதான் நடந்திருக்கிறது என்று பார்க்காமல் சொல்ல முடியாது. ஆனால் முதலில் பார்க்க வேண்டிய இடம் அந்த ஒட்டுதான். பார்ப்பதற்கு முன்னால் மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். இறக்கைகள் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். டேங்கைக் கழுவி, வெறும் தண்ணீர் ஊற்றுங்கள். கையில் வளையல், மோதிரம் இருந்தால் கழற்றி வையுங்கள். 50 வோல்ட் லித்தியம் பேட்டரியின் இரு முனைகளை ஒரு வளையல் தொட்டால் வளையலே உருகிக் கையைச் சுடும்.

பிறகு டேப்பைப் பிரித்து, பம்பின் கறுப்பு வயர் எங்கே போய்ச் சேர்கிறது என்று விரலாலேயே தொடர்ந்து போய்ப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் மல்டிமீட்டர் சொல்லிவிடும். அதை டி.சி. 20 வோல்ட் அளவில் வையுங்கள். ஒரு முனையைப் பேட்டரியின் தடித்த நெகட்டிவ்விலும் இன்னொன்றை போர்டுக்குப் போகும் சாக்கெட்டின் கறுப்பிலும் வைத்துக்கொண்டு, வீட்டுக்காரரைப் பம்ப் போடச் சொல்லுங்கள். இரண்டும் நெகட்டிவ்தானே, மீட்டரில் பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் காட்ட வேண்டும். பம்ப் போட்டதும் 0.3, 0.5 என்று ஏறினால் கள்ளன் அகப்பட்டான். பம்பின் ஒட்டைப் பிரித்து, கம்பெனி வைத்திருந்த இடத்துக்கே தடித்த வயரில் கொண்டுபோக வேண்டும்.

அதில் குறை இல்லை என்றால், அடுத்து போர்டின் வாசலில் வரும் வோல்ட்டேஜைப் பாருங்கள். சிவப்பு, கறுப்பு இரண்டுக்கும் நடுவே 5 வோல்ட்டோ, அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். பம்பைப் போட்டு நிறுத்தி, போட்டு நிறுத்திப் பாருங்கள். ஒன்றைக் கவனத்தில் வையுங்கள். சாதாரண மல்டிமீட்டர் மெதுவானது. கண் இமைக்கும் நேரத்தில் வந்துபோகும் சரிவை அது காட்டாது. குறைந்தபட்ச அளவைப் பிடித்து வைக்கும் 'மின்–மேக்ஸ்' பட்டன் உள்ள மீட்டர் கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் போர்டின் பறப்புப் பதிவையே கம்பெனிக்காரரை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பதிவு ட்ரோன் ஆளுயரத்தில் இருக்கும்போதே நடுவில் அறுந்து நின்றிருந்தால், விழுந்ததற்குக் காரணம் மின்சாரம் போனதுதான். தரையைத் தொடும்வரை பதிவு ஓடியிருந்தால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். மோட்டாரோ, அதன் வேகக் கட்டுப்பாட்டுப் பெட்டியோ காரணமாக இருக்கலாம்.

வோல்ட்டேஜ் சரிகிறது, ஆனால் ஒட்டில் பிழை இல்லை என்றால் கனெக்டர்களைச் சந்தேகப்படுங்கள். மருந்து தெளிக்கும் ட்ரோனுக்கு இதுதான் பரம்பரை வியாதி. பூஞ்சணத்துக்கு அடிக்கிற தாமிர மருந்தும், இலைவழி உரமும் பனி மாதிரி எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். ஈரம் சேர்ந்தால் கனெக்டர் முள்ளில் பச்சைக் களிம்பு பூக்கும். களிம்பு மின்சாரத்தை அடியோடு தடுக்காது. கொஞ்சமாகப் போகும்போது விட்டுவிடும், அதிகமாகப் போகும்போது தடுக்கும். அதனால்தான் கொட்டகையில் வைத்துப் பார்க்கும்போது நன்றாக இருக்கும், வயலில் காலை வாரும். போர்டுக்கு வரும் சின்ன சாக்கெட்டை லேசாக அசைத்துப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் முள் தளர்ந்திருக்கிறது. களிம்பைச் சுரண்டக் கூடாது, முலாம் போய்விடும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் விற்கும் கான்டாக்ட் கிளீனரை அடித்து, காய்ந்தபின் மாட்டுங்கள். முள்ளே அரித்துப்போயிருந்தால் அந்த வயரை மாற்ற வேண்டும். போர்டின் விலையோடு பார்த்தால் வயர் காசே இல்லை.

பேட்டரியின் பெரிய கனெக்டரையும் விட்டுவிடாதீர்கள். பாரத்தோடு பறக்கும்போது அதில் நூறு ஆம்பியர் வரை போகலாம். அங்கே 0.01 ஓம் தடை இருந்தால்கூட நூறு வாட் வெப்பம் கிளம்பும். ஒரு நடை முடிந்து இறங்கியதும் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு, கறுத்த நிறம், உருகின பிளாஸ்டிக் என்றால் அதை மாற்றாமல் பறக்கக் கூடாது. பேட்டரியில் ஒவ்வொரு செல்லும் முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்க வேண்டும். ஒரே ஒரு செல் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றால், டேங்க் நிரம்பிய பாரத்தில் அந்தச் செல்தான் முதலில் படுக்கும். பேட்டரி உப்பியிருந்தால் சோதனையே வேண்டாம், ஒதுக்கி வைத்துவிடுங்கள்.

இவ்வளவும் பார்த்தும் பிடிபடவில்லை என்றால், போர்டில் மாட்டியிருக்கும் துணைக் கருவிகளை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். ஜி.பி.எஸ்., உயரம் பார்க்கும் ரேடார், மருந்து அளவு சென்சார், கேமரா போன்றவற்றில் பல போர்டிலிருந்துதான் 5 வோல்ட்டைக் குடிக்கின்றன. ஒன்றைக் கழற்றியதும் தொல்லை நின்றால் அதுவோ, அதன் வயரோதான் காரணம். கழற்றுவதும் மாட்டுவதும் பேட்டரியை எடுத்தபிறகுதான். எல்லாவற்றையும் கழற்றி, வாசலில் நல்ல 5 வோல்ட் வந்தும் போர்டு அணைந்து எழுந்தால், அப்போது போர்டைக் குறை சொல்லலாம். கடைக்காரர் முதலில் சொன்னது இந்த வரிசையில் கடைசியாக வர வேண்டியது.

செலவு யாருடையது என்பதும் இருக்கிறது. நமோ ட்ரோன் தீதி திட்டத்தில் வந்த ட்ரோன் என்றால், அந்தத் தொகுப்பில் ட்ரோன், பேட்டரி, பயிற்சியோடு ஒரு ஆண்டு உத்தரவாதமும், ஒரு ஆண்டு காப்பீடும், இரண்டு ஆண்டு பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்ந்தே வருகின்றன. குழுவின் கோப்பை எடுத்துத் தேதியைப் பாருங்கள். தேதி இருந்தால், மேலே சொன்ன அளவுகளை எழுதிக்கொண்டு, இறக்கை உடைந்த படத்தோடு கம்பெனிக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். வெளியே ஒட்டுப் போட்டதை மறைக்க வேண்டாம். பெட்டியைத் திறந்ததும் அவர்களுக்குத் தெரிந்துவிடும், பேச்சும் கெட்டுவிடும். சீல் வைத்த பெட்டியை நீங்களாகத் திறக்க வேண்டாம். ட்ரோன் வகைச் சான்று பெற்றது. உள்ளே இருக்கும் பாகத்தைக் கிடைத்ததைக் கொண்டு மாற்றினால் அந்தச் சான்றுக்கும் காப்பீட்டுக்கும் சிக்கல் வரும்.

சரிசெய்தபிறகு நேராக மருந்து ஊற்றிக்கொண்டு வயலுக்குப் போகாதீர்கள். இறக்கை இல்லாமல், டேங்கில் தண்ணீரோடு, பம்பை இருபது முறையாவது போட்டு நிறுத்துங்கள். பிறகு இறக்கை மாட்டி, ஆள் இல்லாத தரிசில் தண்ணீரோடு இடுப்பு உயரத்தில் நிறுத்தி அதையே செய்யுங்கள். பேட்டரி நிறைந்திருக்கும்போது ஒரு தடவை, இறக்க வேண்டிய அளவுக்குக் குறைந்துவரும்போது ஒரு தடவை. இரண்டாவதில்தான் குறை வெளியே வரும். சொல்லி வைத்தவர்களிடம் நான்கு நாள் தள்ளிச் சொல்லுங்கள். அவசரமான வயலுக்குக் கைத்தெளிப்பானோ, விசைத்தெளிப்பானோ ஏற்பாடு செய்துகொடுத்தால் வாடிக்கையும் போகாது.

அடுத்த முறை கொட்டகையில் வைக்கும்போது ட்ரோனைத் தகரப் பெட்டியில் வையுங்கள். அட்டைப் பெட்டி எலிக்குப் பொருட்டே இல்லை.

கேள்வி: "டிப்ளமோ படிக்கும் என் மகன் பாகங்கள் வாங்கி வீட்டில் ட்ரோன் செய்கிறான். கம்ப்யூட்டரில் மாட்டினால் போர்டு எரிகிறது, பேட்டரி கொடுத்தால் எரிவதில்லை. பேட்டரி மாட்டும்போது 'பட்'டென்று பொறி வேறு பறக்கிறது. பயமாக இருக்கிறது."

வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: யூ.எஸ்.பி.யில் எரிகிறது என்றால் போர்டின் மூளை பிழைத்திருக்கிறது. பவர் மாட்யூலோ, அங்கிருந்து வரும் வயரோ சரியில்லை. பிக்ஸ்ஹாக் வகை போர்டாக இருந்தால் அந்த சாக்கெட்டில் ஆறு முள் இருக்கும். இரண்டு 5 வோல்ட், இரண்டு நெகட்டிவ், மற்ற இரண்டு பேட்டரியின் அளவைச் சொல்ல. வேறு வேறு கம்பெனி மாட்யூல்களில் வயர் வரிசை மாறியிருக்கலாம். போர்டில் செருகும் முன் மல்டிமீட்டரில் பார்த்துவிடச் சொல்லுங்கள். 5 வோல்ட் வாசலில் 12 வோல்ட்டைக் கொடுத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அத்துடன் போர்டு முடிந்தது. இன்னொன்று: போர்டு எரிந்தும் சர்வோ அசையவில்லை என்றால் அது கோளாறு அல்ல. இந்த வகை போர்டில் பவர் மாட்யூல் சர்வோ வரிசைக்கு மின்சாரம் தராது, தனியாகக் கொடுக்க வேண்டும்.

பெரிய பேட்டரி மாட்டும்போது சின்னப் பொறி வருவது இயல்பு. கெப்பாசிட்டர்கள் ஒரே மூச்சில் நிரம்புவதால் வருகிறது. பொறியைத் தடுக்கும் கனெக்டர் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். ஆனால் ஷார்ட்டாக இருந்தாலும் பொறி வரும். பிரித்தறிய ஒரு வழி, மோட்டார் ரீவைண்டிங் கடையில் பார்த்திருப்பீர்களே, சீரிஸ் லேம்ப். அதே யோசனைதான், ஆனால் வீட்டு மின்சாரம் பக்கத்திலேயே வரக் கூடாது. லாரி இண்டிகேட்டரின் 24 வோல்ட் பல்பு ஒன்றைப் பேட்டரியின் சிவப்பு வயரில் தொடராக வைத்து மாட்டுங்கள். ஆறு செல் பேட்டரிக்கு ஒரு பல்பு, பன்னிரண்டு செல்லுக்கு இரண்டு. பல்பு ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். உடனே பேட்டரியை எடுங்கள். பல்போடு மோட்டாரைச் சுழலவிடக் கூடாது.

படிப்புக்காகச் செய்வது நல்லதுதான். மருந்து அடித்துச் சம்பாதிக்க அதைப் பயன்படுத்த முடியாது. அதற்கு வகைச் சான்று பெற்ற ட்ரோனும், உரிமம் பெற்ற பைலட்டும் வேண்டும்.

கேள்வி: "ட்ரோன் வாய்க்காலில் விழுந்து முழுவதும் நனைந்துவிட்டது. போர்டை அரிசி மூட்டைக்குள் வைத்தால் சரியாகுமா?"

வாசகர், தேனி மாவட்டம்.

பதில்: அரிசியால் பெரிய பயன் இல்லை. தண்ணீரைவிட அதில் கலந்திருக்கும் மருந்தும் உப்பும்தான் போர்டைத் தின்னும், அதை அரிசி எடுக்காது. 'எரிகிறதா பார்ப்போம்' என்று பேட்டரி கொடுப்பதுதான் பெரும்பாலான போர்டுகளுக்கு எமன். உத்தரவாதக் காலம் என்றால் பேட்டரியை எடுத்துவிட்டு அப்படியே கம்பெனிக்கு அனுப்புங்கள். இல்லையென்றால், போர்டை வெளியே எடுத்து, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் அலசி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மென்மையான பிரஷால் துடையுங்கள். காற்றழுத்த சென்சாரின் சின்னத் துளை மீது மட்டும் பிரஷ் படக் கூடாது. நிழலில் மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் காயட்டும். நனைந்த பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். வெட்டவெளியில், வைக்கோலுக்கும் தொழுவத்துக்கும் தள்ளி, மணல் மேல் வைத்துவிட்டுக் கம்பெனிக்குச் சொல்லுங்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாவிட்டாலும் லித்தியம் பேட்டரி மறுநாள்கூடத் தீப்பிடிக்கலாம்.